எண்ணூர்ச் சந்து ஒன்றை மெய்நிகரில் கட்டும்போது

2023 டிசம்பர் 26 அன்று, நள்ளிரவு நெருங்கும் நேரத்தில், எண்ணூரில் ஓர் உர ஆலையின் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. பெரியகுப்பம், சின்னக்குப்பம் பக்கத்து மக்கள் கண் எரிச்சலோடும் மூச்சுத்திணறலோடும் வீட்டை விட்டு வெளியேறினார்கள். பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். பத்தொன்பது ஆண்டுகளுக்கு முன் அதே தேதியில்தான் சுனாமி இந்தக் கரையை அடித்தது.

அந்தக் குப்பத்துச் சந்து ஒன்றை மெய்நிகரில், அதாவது ஹெட்செட் என்ற கண்ணாடிக்குள் கணினி காட்டும் சூழலில், கட்டி அந்த இரவை ஆராய்பவர் தெரிந்துகொள்ள வேண்டியவை எளிய கேள்விகள்தான். வாடை மூக்கில் ஏறியதற்கும் முதல் அடி எடுத்து வைத்ததற்கும் நடுவே எவ்வளவு நேரம்? அந்த நேரத்தில் என்ன செய்தார்கள்? எந்தப் பக்கம் ஓடினார்கள், யாரைப் பார்த்து ஓடினார்கள்? வீட்டுக்குள் திரும்பிப் போனவர்கள் எதை எடுக்கப் போனார்கள்? இவற்றைப் பிற்பாடு நேர்காணலில் கேட்டால் நிமிடக்கணக்கு நிற்காது. ஐந்து நிமிடம் யோசித்தவர் "உடனே கெளம்பிட்டோம்" என்பார். அவர் பொய் சொல்லவில்லை, நினைவு அப்படித்தான் சுருங்கும்.

ஒத்திகை நடத்திப் பார்க்கலாமே என்று கேட்கலாம். அபாயகரமான ரசாயனங்களின் உற்பத்தி, இருப்பு, இறக்குமதி பற்றிய 1989-ஆம் ஆண்டு விதிகளின்படி, ஆலைக்கு உள்ளே ஆறு மாதத்துக்கு ஒருமுறையும், ஆலைக்கு வெளியே ஆண்டுக்கு ஒருமுறையும் ஒத்திகை நடக்க வேண்டும். அது தேவையானது. ஆனால் ஒத்திகை அளப்பது வேறொன்றை. தேதி எல்லோருக்கும் தெரியும், சைரன் அடித்தால் என்ன அர்த்தம் என்பதும் தெரியும். உண்மையான விபத்தில் நேரத்தைத் தின்பதே 'இது என்ன?' என்ற குழப்பம்தான். 1968-இல் உளவியலாளர்கள் லடானேயும் டார்லியும் நடத்திய சோதனை இன்றும் பேசப்படுவது இதனால்தான். காத்திருப்பு அறைக்குள் புகை வந்தபோது தனியாக இருந்தவர்களில் 75 சதவீதம் பேர் வெளியே வந்து சொன்னார்கள். பக்கத்தில் இருவர் கண்டுகொள்ளாமல் உட்கார்ந்திருந்தபோது சொன்னவர்கள் 10 சதவீதம் மட்டுமே. இந்தக் குழப்பத்தை ஆபத்தில்லாமல், ஒவ்வொருவருக்கும் ஒரே மாதிரியாகத் திரும்ப உண்டாக்க மெய்நிகர்ச் சூழல் உதவுகிறது.

ஆனால் அது எதை அளக்கும், எதை அளக்காது என்பதில் தொடக்கத்திலேயே தெளிவு வேண்டும். முடிவுகளை அது நன்றாகக் காட்டும்: எப்போது கிளம்பினார், எந்த வழியைத் தேர்ந்தார், யாரைப் பின்தொடர்ந்தார், எங்கே நின்று திரும்பிப் பார்த்தார். ஓடும் வேகத்தைக் காட்டாது. தடையற்ற சமதளத்தில் மனிதர் நடக்கும் வேகத்தைத் தீப் பாதுகாப்புப் பொறியியலில் வினாடிக்கு 1.19 மீட்டர் என்று வைத்துக் கணக்கிடுகிறார்கள். சதுர மீட்டருக்கு 0.54 பேருக்கு மேல் போனால் வேகம் குறையத் தொடங்கி, 3.8 பேரில் நின்றேவிடும். கையில் பிடிக்கும் கன்ட்ரோலரின் குச்சியைத் தள்ளி மெய்நிகரில் நகர்பவருக்கு இந்த வேகத்தையே கொடுத்தால் "ரொம்ப மெதுவா போகுது" என்பார். கூட்டிக் கொடுத்தால் வெளியேறிய நேரம் என்று வரும் எண்ணுக்கு அர்த்தம் போய்விடும். தோளோடு தோள் இடிபடுவதும் கிடையாது. போதாததற்குக் கண்ணாடிக்குள் தூரம் சுருங்கித் தெரியும். பழைய ஹெட்செட்டுகளில் மக்கள் உண்மைத் தூரத்தின் முக்கால் பங்கைத்தான் மதிப்பிட்டார்கள், புதியவற்றில் கொஞ்சம் மேல். ஆகவே வேகத்தை 1.2 மீட்டரில் பூட்டிவிட்டு, 'மொத்த நேரம்' என்ற எண்ணை அறிக்கையின் முடிவுகளில் சேர்க்காமல் விடுவதே நேர்மை. தொட்ட இடத்துக்குத் தாவும் 'டெலிபோர்ட்' நகர்வு இந்த ஆய்வுக்கு ஆகவே ஆகாது. நடுவழித் தயக்கம் முழுவதையும் அது விழுங்கிவிடும்.

இனி சந்து. எண்ணூர் பக்கத்துக் குப்பங்களில் ஒருபுறம் கடல், மறுபுறம் சாலை, சாலைக்கு அப்பால் ஆலைகள். வீடுகளுக்கு நடுவே ஓடும் சந்தின் அகலத்தை லேசர் அளவியால் ஒவ்வொரு மூன்று மீட்டருக்கும் எடுக்க வேண்டும். சுவரிலிருந்து சுவருக்கு எடுத்தால் போதாது. படி, பைக், தண்ணீர் டிரம், மின்வாரியப் பெட்டி, மடித்து வைத்த வலை எல்லாம் போக மிஞ்சும் அகலமே உண்மையான அகலம். இதை இரவு பத்து மணிக்கு மேல் அளக்க வேண்டும், பகலில் வெளியே போன பைக்குகள் எல்லாம் அப்போதுதான் சந்தில் நிற்கும். புகைப்படங்களிலிருந்து முப்பரிமாண மாதிரி எடுப்பதானால் அடுத்தடுத்த படங்கள் 70 முதல் 80 சதவீதம் ஒன்றன்மேல் ஒன்று படிய வேண்டும். குறுகிய சந்தில் சுவருக்கு மிக அருகே நிற்க வேண்டியிருப்பதால் படங்களின் எண்ணிக்கை எகிறும். அப்படிக் கிடைக்கும் மாதிரியை நேரடியாக ஹெட்செட்டில் ஏற்றினால் திணறும். தனியாக இயங்கும் ஹெட்செட் என்றால் ஒரு காட்சியை, முப்பரிமாண வடிவங்களைக் கட்டும் முக்கோணங்கள் பத்து லட்சத்துக்குள் அடக்கப் பார்க்க வேண்டும்.

புகையும் மூட்டமும்தான் அதிகம் தவறும் இடம், இதில் கொஞ்சம் நிற்கிறேன்.

புகையின் அடர்த்தியை 'மறைப்புக் கெழு' என்ற எண்ணால் சொல்வார்கள். ஒளி ஒவ்வொரு மீட்டருக்கும் எவ்வளவு மங்குகிறது என்பதன் அளவு அது. ஜப்பானிய ஆய்வாளர் தடாஹிசா ஜின் தந்த விதி இன்றும் புழக்கத்தில் உள்ளது: ஒளியைத் திருப்பி அனுப்பும் சாதாரண வழிகாட்டிப் பலகை தெரியும் தூரம், 3-ஐ அந்தக் கெழுவால் வகுத்தால் கிடைப்பது. தானே ஒளிரும் பலகைக்கு 8-ஐ வகுக்க வேண்டும். கெழு 0.5 என்றால் வண்ணம் பூசிய பலகை 6 மீட்டரிலும் விளக்குப் பலகை 16 மீட்டரிலும் தெரியும். மெய்நிகர்க் காட்சிகளைக் கட்டும் யூனிட்டி மென்பொருளில் மூட்டத்துக்கு உள்ள முறைகளில் 'எக்ஸ்போனென்ஷியல்', 'எக்ஸ்போனென்ஷியல் ஸ்கொயர்ட்' என்ற இரண்டைப் பார்ப்போம். முதலாவதுதான் ஒளி மங்கும் இயற்பியல் விதியோடு பொருந்துவது. அதில் அடர்த்தி என்ற கட்டத்தில் மறைப்புக் கெழுவையே போடலாம். இரண்டாவது அழகாக இருக்கும், ஆனால் தவறு. கெழு 0.5-இல் ஒரு மீட்டர் தள்ளி இருக்கும் பொருளிலிருந்து 61 சதவீத ஒளி வர வேண்டும், இந்த முறையில் 78 சதவீதம் வரும். ஆறு மீட்டரில் 5 சதவீதம் மிஞ்ச வேண்டிய இடத்தில் ஒன்றுமே மிஞ்சாது. கிட்டத்தில் தெளிவு, சற்றுத் தள்ளி வெள்ளைச் சுவர். அதைப் பார்த்தவர் எடுக்கும் முடிவு புகையில் எடுக்கும் முடிவாக இருக்காது.

இன்னொரு பிழை கண்ணுக்கு எளிதில் படாது. வழக்கமான மூட்டக் கணக்கு, கண்ணிலிருந்து பொருளுக்கு உள்ள நேர்த் தூரத்தைப் பார்க்காமல், முகம் நோக்கும் திசையில் உள்ள ஆழத்தைப் பார்க்கிறது. பத்து மீட்டர் தள்ளி இருக்கும் கதவை நேராகப் பார்த்தால் பத்து மீட்டர். தலையை 45 டிகிரி திருப்பிக் கடைக்கண்ணால் பார்த்தால் ஏழு மீட்டராகக் கணக்காகும். கெழு 0.5-இல் அதன் விளைவு நான்கு மடங்குக்கு மேல் கூடுதல் ஒளி. தலையை ஆட்டினால் ஓரத்துக் கதவு தெளிகிறது என்பதைப் பங்கேற்பாளர் தன்னை அறியாமலே பயன்படுத்திக்கொள்வார். நேர்த் தூரத்தைக் கொண்டு கணக்கிடும்படி ஷேடரை, அதாவது திரைப் புள்ளிகளின் நிறத்தைக் கணக்கிடும் சிறு நிரலை, மாற்றி எழுதுவது அரை நாள் வேலை. அதைச் செய்யாமல் ஒருவரைக்கூட உட்கார வைக்கக் கூடாது.

புகையைத் துகள் துகளாகக் காட்டினால் வேறொரு தொல்லை. ஒளி ஊடுருவும் படலங்கள் ஒன்றன்மேல் ஒன்று குவியக் குவிய, சரியாக எச்சரிக்கை ஒலிக்கும் அந்த நொடியில் படவேகம் விழும். 72 ஹெர்ட்ஸ் ஹெட்செட்டில் ஒரு படத்துக்குக் கிடைப்பது 13.9 மில்லிவினாடி, 90 ஹெர்ட்ஸில் 11.1. இதைத் தாண்டினால் காட்சி திக்கும், தலை சுற்றும். முடிவெடுக்க வேண்டிய வேளையில் அவருக்கு வாந்தி வருகிறது என்றால் நாம் அளந்தது வாந்தியைத்தான்.

எழுத்தும் ஒரு சிக்கல். நல்ல கண் ஒரு டிகிரிக்கு ஏறக்குறைய 60 புள்ளிகள் வரை பிரித்துப் பார்க்கும். குவெஸ்ட் 2 போன்ற ஹெட்செட் தருவது சுமார் 20. வெறுங்கண்ணால் 30 மீட்டரில் படிக்கும் பலகையை ஹெட்செட்டில் 10 மீட்டரில்தான் படிக்க முடியும். தமிழ் எழுத்தின் சுழிகள் இதில் முதலில் கரையும். பலகையைப் பெரிதாக்கிச் சரிக்கட்டலாம், ஆனால் எத்தனை மடங்கு என்பதை அறிக்கையில் எழுதியாக வேண்டும். ஒளிரும் பலகை உண்மையில் கண்ணைக் கூசும், ஹெட்செட்டின் திரைக்கு அந்த வெளிச்சம் கிடையாது. ஆகவே 8 என்ற மாறிலியை நம்பாமல், பத்துப் பேரை வைத்து எத்தனை மீட்டரில் பலகை தெரிகிறது என்று முன்கூட்டியே அளந்து சரிசெய்துகொள்வது நல்லது.

அம்மோனியா கரும்புகை அல்ல. காற்றைவிட இலேசான வாயுதான் என்றாலும், குளிர்ந்த நிலையில் பீறிட்டு வரும்போது ஈரக்காற்றோடு சேர்ந்து வெண்மூட்டமாகத் தரையோடு தவழும். நீர்த்த பிறகு கண்ணுக்குத் தெரியாது, எரிச்சல் மட்டும் இருக்கும். உடனடி ஆபத்து அளவு என்று தொழிற்சாலைப் பாதுகாப்பில் வைத்திருப்பது 300 பிபிஎம், அதாவது பத்து லட்சம் பங்கு காற்றில் 300 பங்கு. மூட்டம் தெரியும் இடம் மட்டும்தான் ஆபத்து என்று காட்சியில் காட்டினால் தவறான பாடம் போய்ச் சேரும். அமெரிக்க அரசு நிறுவனங்கள் இலவசமாகத் தரும் 'அலோஹா' மென்பொருளால் வாயு பரவும் பரப்பை முன்கூட்டியே கணக்கிட்டு, பங்கேற்பாளர் நடந்த பாதையை அதன்மேல் பின்னர் பொருத்தி, எவ்வளவு வாயுவில் எவ்வளவு நேரம் இருந்தார் என்று பார்க்கலாம். காற்று மிக மெதுவாக இருக்கும்போது அந்தக் கணக்கு பொருந்தாது. வீடுகளுக்கு நடுவே வாயு எப்படி வளைந்து போகும் என்பதும் அதற்குத் தெரியாது. ஆகவே சந்துக்குள் மீட்டர் கணக்கில் அதை நம்ப வேண்டாம்.

காற்றின் திசைதான் இந்த ஆய்வின் உயிர். வாயு வந்தால் காற்றுக்குக் குறுக்காக நகர வேண்டும். சுனாமியில் உறவினரை இழந்த ஊரில் கால்கள் பழகியிருப்பது கடலுக்கு எதிர்த்திசையில் ஓடத்தான். காற்று கடலிலிருந்து வீசினால் சாலையை நோக்கிய ஓட்டம் வாயுவோடு சேர்ந்தே போகும் ஓட்டம். அந்த விதியும் இந்தப் பழக்கமும் மோதும்போது எது வெல்கிறது என்பதை மெய்நிகரில் நேராகச் சோதிக்கலாம், எனக்கு மிகவும் முக்கியமாகப் படும் கேள்வி இதுவே. அதற்குக் காட்சியில் காற்று தெரிய வேண்டும்: கொடியில் உலரும் புடவை, படகின் மேல் கட்டிய கொடி, அனல் மின்நிலையப் புகைபோக்கியின் புகை. மூன்றும் ஒரே திசையில் ஆட வேண்டும். இவை பெரும்பாலும் தனித்தனியாக நிரலில் எழுதப்படுவதால் ஒன்றுக்கொன்று முரண்படுவது சாதாரணமாக நடக்கும் தவறு.

அறையில் ஓடும் ஃபேனும் ஒரு திசைகாட்டி. சோதனை நடக்கும் கூடத்தில் சீலிங் ஃபேனை அணைத்துவிட்டு, மெய்நிகர்க் காற்று வரும் பக்கத்தில் ஒரு டேபிள் ஃபேனை வைத்தால் உடம்பே காற்றை உணரும். ஆனால் பங்கேற்பாளர் உடம்போடு திரும்ப வேண்டும். குச்சியால் காட்சியைத் திருப்ப விட்டால் ஃபேன் ஒருபக்கமும் புடவை இன்னொரு பக்கமும் சொல்லும்.

வாடையை ஹெட்செட் தராது, தரவும் கூடாது. அதனால் முதல் அறிகுறியாக அண்டை வீட்டுக்காரரின் குரலை வைக்க வேண்டியிருக்கிறது. குரல் அந்த ஊர்க்காரருடையதாக இருக்கட்டும். "அன்பான பொதுமக்களே" என்று தொடங்கும் வாசகத்தை ஸ்டுடியோவில் பதிவுசெய்து ஓடவிட்டால் அரசு அறிவிப்புபோல ஒலிக்கும். "யக்கா, கேஸ் லீக்காம், புள்ளைங்கள தூக்கிக்கினு வெளிய வா" என்று கதவைத் தட்டும் குரல் வேறு வகை. இரண்டையும் இரு அணிகளுக்குக் கொடுத்து, கிளம்பும் நேரத்தை ஒப்பிடுவதே ஓர் ஆய்வு. எச்சரிக்கை மணியைச் சேர்ப்பதானால் பன்னாட்டு ஒழுங்கில் சேர்க்கவும்: அரை வினாடி ஒலி, அரை வினாடி அமைதி, இப்படி மூன்று ஒலிகள், மூன்றாவதற்குப் பின் ஒன்றரை வினாடி இடைவெளி. புளூடூத் இயர்போன் வேண்டாம், ஒலி தாமதமாக வந்து நேரக்கணக்கைக் கெடுக்கும்.

மணியோசை மட்டும் போதாது என்பது பழைய பாடம். இங்கிலாந்தில் நியூகாசிலின் மானுமென்ட் சுரங்க ரயில் நிலையத்தில் நடத்தி 1991-இல் வெளியான ஆய்வில், மணி மட்டும் ஒலித்தபோது மக்கள் கிளம்பவே தயங்கினார்கள். என்ன நடக்கிறது, எங்கே போக வேண்டும் என்று ஒலிபெருக்கியில் சொன்னதும் விரைந்து வெளியேறினார்கள். 2021 பிப்ரவரியில் விம்கோ நகர் வரை நீண்ட மெட்ரோ தடத்தில் சர் தியாகராயா கல்லூரி, தண்டையார்பேட்டை நிலையங்கள் தரைக்கு அடியில் இருக்கின்றன. அவற்றுக்கும் இதே சோதனையை மெய்நிகரில் செய்யலாம். சுரங்கச் சாலைகளுக்கு ஐரோப்பாவில் செய்திருக்கிறார்கள்: ஸ்வீடனின் லண்ட் பல்கலைக்கழகச் சோதனையில் வெளியேறும் கதவின் மேல் நீல விளக்கைவிடப் பச்சை அல்லது வெள்ளை விளக்கு சிமிட்டுவது நன்றாக எடுபட்டது. நான்கு வினாடிக்கு ஒருமுறை சிமிட்டுவதைவிட வினாடிக்கு ஒருமுறையோ நான்கு முறையோ சிமிட்டுவது மேல்.

ஆளெடுப்பில்தான் பல ஆய்வுகள் வழுக்குகின்றன. பக்கத்துப் பொறியியல் கல்லூரி மாணவர்கள் எளிதாகக் கிடைப்பார்கள், ஹெட்செட்டும் பழக்கம். ஆனால் அவர்கள் முதுகில் பிள்ளையோ கையில் ரேஷன் கார்டோ இல்லை. குப்பத்து மக்களைத்தான் அழைக்க வேண்டும். காசிமேட்டு விசைப்படகுத் தொழிலாளர்கள் கரையில் இருப்பது ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையான 61 நாள் தடைக்காலத்தில். ஃபைபர் படகுக்காரர்களுக்கு அந்தத் தடை இல்லை, அவர்கள் விடியலுக்கு முன்பே கடலுக்குப் போவதால் மாலை நேரம்தான் வசதி. தடைக்காலம் கத்திரி வெயிலோடு சேர்ந்து வருவதால் வியர்வையில் லென்ஸ் மூடிக்கொள்ளும். ஏசி இல்லாத கூடத்தில் நடத்த முயல வேண்டாம்.

ஒருவரை ஒருமுறைதான் திடுக்கிட வைக்க முடியும். இரண்டாம் முறை அவர் காத்திருப்பார். ஆகவே ஒருவருக்கு ஒரே சோதனை. எத்தனை பேர் வேண்டும்? ஓர் அறிவிப்புக்கு 50 சதவீதம் பேரும் மற்றொன்றுக்கு 75 சதவீதம் பேரும் கிளம்புவார்கள் என்று வைத்துக்கொண்டால், வழக்கமான 5 சதவீதப் பிழை வரம்பில், அந்த வேறுபாட்டை 80 சதவீத வாய்ப்போடு பிடிக்க அணிக்கு 58 பேர் தேவை. மூன்று அணி என்றால் 174. தலைசுற்றி விலகுபவர்களுக்கும் இடம் விட வேண்டும். அணிக்குப் பதினைந்து பேர் வைத்து வித்தியாசம் இல்லை என்று முடிவு சொல்லும் ஆய்வு, உண்மையில் எதையும் சொல்லவில்லை.

தொடங்கும் முன் பயிற்சி. கன்ட்ரோலரைப் பிடித்துத் தடுமாறும் நேரம் 'தயக்கம்' என்ற கணக்கில் ஏறிவிடக் கூடாது. மூன்று கதவு தாண்டி, ஒரு பொருளை எடுத்து, புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வரத் தெரிந்த பிறகுதான் உண்மைக் காட்சி. அறுபது வயதுக்காரருக்கு இதற்குப் பதினைந்து நிமிடம் ஆனாலும் ஆகட்டும். கண்மணிகளின் இடைவெளியைச் சரிசெய்ய வேண்டும், குவெஸ்ட் 2-இல் 58, 63, 68 மில்லிமீட்டர் என்று மூன்று நிலைகள்தான். கொண்டையும் பூவும் பின்பட்டையில் இடிக்கும், எண்ணெய் லென்ஸில் ஏறும். முகத்துணியை ஒவ்வொருவருக்கும் மாற்ற வேண்டும். தலைசுற்றலுக்கு 16 அறிகுறிகள் கொண்ட எஸ்எஸ்க்யூ படிவத்தை முன்னும் பின்னும் நிரப்பச் சொல்லவும். நகரும்போது பார்வையின் ஓரத்தை இருட்டாக்கித் தலைசுற்றலைக் குறைக்கும் வசதி ஒன்று உண்டு, இங்கே அதை அணைத்து வையுங்கள். ஓரத்துப் பலகையைப் பார்த்தாரா என்பதே நம் கேள்வி.

நெறிமுறைக் குழுவின் அனுமதி, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 வழிகாட்டுதல்களின்படி ஒப்புதல், வலிப்பு உள்ளவர்களையும் கர்ப்பிணிகளையும் விலக்குதல் ஆகியவை அடிப்படை. இந்தக் கரையில் இன்னொன்றும் உண்டு. சுனாமியிலோ கசிவிலோ நேரடியாக அடிபட்டவரிடம் 'சும்மா ஒரு வீட்டைச் சுற்றிப் பாருங்கள்' என்று மறைத்துச் சொல்லிவிட்டு நள்ளிரவுக் கூச்சலைக் கேட்க வைப்பது தவறு. என்ன விபத்து, எந்த நிமிடம் என்பதைச் சொல்லாமல் இருக்கலாம். அவசரக் காட்சி ஒன்று வரும் என்பதையும், "போதும்" என்றால் அந்த நொடியே திரை அணையும் என்பதையும் சொல்லியே ஆக வேண்டும்.

பதிவில் தலையின் இடமும் திசையும் வினாடிக்கு 20 முறை போதும். கிளம்பும் நேரத்தை ஒரே எண்ணாக வைக்காதீர்கள். குரல் கேட்டது, தலை திரும்பியது, முதல் அடி, வாசல் தாண்டியது, மீண்டும் உள்ளே போயிருந்தால் அது என்று தனித்தனி நேரங்களாகப் பிரியுங்கள். பத்து நிமிடம் முடிந்தும் வெளியே வராதவரைக் கணக்கிலிருந்து நீக்குவது மிகப் பெரிய பிழை. அவரே நமக்கு மிகவும் முக்கியமானவர். 'பத்து நிமிடம் வரை கிளம்பவில்லை' என்றே அவரைப் பதிந்து, மருத்துவ ஆய்வுகளில் உயிர்பிழைப்பைக் கணக்கிடும் கப்லான்-மேயர் முறையில் சேர்க்கவும்.

கண்ணாடியைக் கழற்றியதும் உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்து, நடந்தது முழுவதையும் சொல்லிவிட்டு, சந்தை மேலிருந்து பார்த்த படத்தில் அவர் போன பாதையைக் கோடாகக் காட்டிக் கேட்க வேண்டும்: "இங்க ஏன்க்கா திரும்புனீங்க?" பதிலை அவர் சொன்னபடியே எழுதிக்கொள்ளவும், மேடைத் தமிழுக்கு மாற்ற வேண்டாம். "புக்கு எடுக்கப் போனேன்" என்றால் அது ரேஷன் கார்டா, பேங்க் பாஸ்புக்கா, படகின் பதிவுப் புத்தகமா என்று அங்கேயே கேட்டுவிடுங்கள். அந்தப் பொருள் வீட்டில் எந்த இடத்தில் இருக்கும் என்பதையும் சேர்த்துக் கேட்டால், அடுத்தவருக்குக் காட்டும் வீட்டில் அதை அதே இடத்தில் வைக்கலாம்.